நீ சொல்லு, நான் சொல்றேன்

உப்பு பரப்பிய எவர்சில்வர் தட்டில் ‘ழ’ கோணலாக விழுந்துவிட்டது. ஹேமலதா செல்போனை நிறுத்தினாள். தட்டைக் கையிலெடுத்து லேசாகக் குலுக்கியதும் உப்பு மறுபடி சமமாகி, எதுவுமே எழுதப்படாத மாதிரி வெளுத்துக் கிடந்தது. “இன்னொரு வாட்டி,” என்றாள். தமிழினி முகம் சுளிக்கவில்லை. ஏழு வயதுக்கு அந்தப் பெண்ணிடம் அபாரமான பொறுமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலைக்குக் குளித்து, இரட்டைச் சடை போட்டு, மஞ்சள் கவுன் மாட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். போன் இட்லிக் குண்டான்மேல் சாய்ந்திருந்தது. பின்னால் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கேறிய டப்பாக்கள் தெரியாமலிருக்க ஹேமலதா தன்னுடைய பழைய பூப்போட்ட சேலையைத் திரையாகக் கட்டியிருந்தாள்.

“ஸ்டார்ட்.”

“ஹலோ ஃப்ரெண்ட்ஸ்! இன்னைக்கு நானும் எங்கம்மாவும் உப்புத் தட்டுல எழுதி வெளையாடப் போறோம். நீங்களும் உங்க வீட்ல அம்மாகூட சேந்து வெளையாடுங்க!” தமிழினியின் குரல் கிண்கிணி மாதிரி ஒலித்தது. சரியான இடத்தில் சிரித்தாள். சரியான இடத்தில் தலையைச் சாய்த்தாள். ஹேமலதா வாயை அசைத்துக் காட்டியதும் விரலை உப்பில் வைத்து ‘ழ’ போட்டாள். இந்த முறை நேராக விழுந்தது. “இது இன்னா எழுத்து, சொல்லு கண்ணு?” என்று கேட்ட ஹேமலதா, படத்தில் விழாத பக்கமாகத் திரும்பிச் சத்தமில்லாமல் உதட்டைச் சுழித்தாள். “ழ!” என்றாள் தமிழினி. வீடியோ முடிந்தது. உப்பு ஜாடிக்குத் திரும்பிப் போனது. ஹேமலதா சேலைத் திரையை அவிழ்த்து மடித்துவிட்டு, மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சமையல் முடிந்ததும் திருத்த வேண்டிய தாள்கள் ஒரு கட்டு இருந்தன.

ஆம்பூரில் அவள் வேலை பார்த்த பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி. தாளாளர் ராமமூர்த்தி அதற்கு முன்னால் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்துகொண்டிருந்தவர். ஹைவே பக்கம் ஏசி வகுப்பறையோடு ஒரு பெரிய பள்ளி வந்து, அதன் மஞ்சள் வேன்கள் இவருடைய தெருவுக்குள்ளேயே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு, அவர் நிறைய யோசித்துக் கண்டுபிடித்ததுதான் ‘வீட்டில் ஒரு வகுப்பு’. வாரம் ஒரு செயல்பாடு. பருப்பு வகைகளைப் பிரித்து எண்ணுவது, டம்ளரால் தண்ணீர் அளப்பது, பாட்டில் மூடிகளில் எழுத்து ஒட்டி வார்த்தை சேர்ப்பது, சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டித் தினம் வாசிப்பது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அம்மாவோடு சேர்ந்து செய்து போட்டோ அனுப்ப வேண்டும். செயல்பாடுகளை யோசிக்கும் பொறுப்பு ஹேமலதாவுக்கு. அவளுக்கு அது நிஜமாகவே நன்றாக வந்தது. ஆசிரியர் பயிற்சியில் படித்ததும் அவளாகக் கற்பனை செய்ததும் கலந்து, செலவே இல்லாமல் வீட்டுச் சாமான்களை வைத்து அழகழகாக ஏதாவது சொல்வாள். பெற்றோருக்குப் புரிய வேண்டுமே என்று ராமமூர்த்திதான் வீடியோ கேட்டார். “உங்க பொண்ணே நம்ம ஸ்கூல்ல தான படிக்குது டீச்சர். நீங்க ரெண்டு பேரும் செஞ்சி காட்டுங்க. அம்மாவும் பொண்ணும்னா ஜனங்களுக்கு ஒரு இது வரும்.”

வந்தது. வீடியோக்கள் பள்ளியின் வாட்ஸப் குழுவில் மட்டுமில்லாமல் ஊரெல்லாம் சுற்றின. பிரியாணிக் கடையில் பார்சலுக்கு நின்றால்கூட யாராவது, “நீங்க தமிழினி அம்மாதான?” என்றார்கள். குழுவில் இருந்த அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தார்கள். கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது இருட்டிவிடும். “மிஸ், நான் வந்து சோறு வடிக்கிறதுக்குள்ள இது தூங்கிப் போய்டுது மிஸ், போட்டோ நாளைக்கு அனுப்பட்டா?” என்று குரல்செய்திகள் வரும். ஹேமலதா எல்லோருக்கும் கட்டைவிரல் படம் அனுப்புவாள். பெரும்பாலான போட்டோக்களைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள்.

தவறாமல் அனுப்பியவள் ஃபரீதா. அவள் மகள் உமைமா ஹேமலதாவின் வகுப்பில் கடைசி பெஞ்ச். ஃபரீதா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைத்துக் கொடுப்பவள். கம்பெனி ஆள் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தைத்ததை எடுத்துப் போவான். உருது பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள், தமிழ் பேசத் தெரியும், எழுத்துக்கூட்டத்தான் தடுமாறுவாள். ஒருநாள் பள்ளி கேட்டில் ஹேமலதாவை நிறுத்தினாள்.

“மிஸ், ஒரு நிமிஷம். எங்க வீட்ல உப்புத் தட்டு சரிவர்ல மிஸ். தோல் தூசு விழுந்து கறுத்துப்போகுது. அதான் வேஸ்ட் தோல் இருக்குது இல்ல, அதுல எழுத்து எழுத்தா வெட்டி வெச்சிட்டேன். நான் பாட்டுக்குத் தச்சிட்டிருப்பேன், இவ பக்கத்துல குந்திக்கினு வெரலால தடவித் தடவி சொல்லுவா. அப்டி செஞ்சா தப்பா மிஸ்?”

“இல்லீங்க. நல்லதுதான். செய்ங்க,” என்றாள் ஹேமலதா. மணி அடித்துவிட்டிருந்தது. அன்று ராத்திரி வந்த போட்டோவுக்கும் கட்டைவிரல் அனுப்பினாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பேரணாம்பட்டில் ஹேமலதாவின் அக்கா பேத்திக்குக் காது குத்தல். கணவன் பாண்டியனுக்கு கம்பெனியில் லீவு இல்லை, அம்மாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஹேமலதா சீர்வரிசைத் தட்டோடும் பையோடும் நின்றுகொண்டு, “ஓடிப் போய் அந்த பஸ்ஸு போர்டப் பாத்துட்டு வா, எந்த ஊருன்னு,” என்றாள். தமிழினி ஓடினாள். பஸ்ஸின் முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வந்து, “வேலூரும்மா,” என்றாள். பஸ் நகர்ந்து பக்கத்தில் வந்தபோது ஹேமலதாவே பார்த்தாள். பேரணாம்பட்டு என்று இத்தனை பெரிய எழுத்தில் இருந்தது. கையைத் தட்டி நிறுத்தி, ஓடி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

“ஏன்டி, பேரணாம்பட்டுனு போட்டிருக்குது. வேலூர்ன்ற?”

“பச்ச பஸ்ஸுனா வேலூர்தானம்மா. அன்னிக்கு பெரிப்பாகூட போனமே.”

ஹேமலதாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பஸ் பஜாரைத் தாண்டிக்கொண்டிருந்தது. “அந்தப் போர்டு படி,” என்றாள். தமிழினி பார்த்தாள். போர்டில் தட்டு நிறைய பிரியாணி வரைந்திருந்தது. “பிரியாணிக் கடை,” என்றாள் உடனே. “அது?” பல்லும் பிரஷ்ஷும். “பல் ஆஸ்பத்திரி.” “அது?” அதில் படம் எதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் கறுப்பு பெயின்ட்டில் ‘பால் கிடைக்கும்’ என்று மட்டும் இருந்தது. தமிழினி சுவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள். கண் கொட்டாமல், கொஞ்சம் சிரித்த முகமாக, ஹேமலதாவின் உதடு எந்தப் பக்கம் குவியப்போகிறது என்று காத்திருந்தாள். குவியவில்லை. சுவர் பின்னால் போய்விட்டது.

“நீ சொல்லும்மா,” என்றாள் குழந்தை. “நீ சொல்லு, நான் சொல்றேன்.”

காது குத்தலில் என்ன சாப்பிட்டாள், யாரோடு பேசினாள் என்பதெல்லாம் ஹேமலதாவுக்கு நினைவில் தங்கவில்லை. திரும்பும்போது ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. இத்தனை நாளும் தமிழினி எழுதிய நோட்டுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. ஆனால் அதெல்லாம் பார்த்து வரைந்தது. இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு பிரிவில் அவள் படித்ததால் அந்தப் பிரிவு டீச்சர், கூட வேலை பார்ப்பவளின் மகளாயிற்றே என்று மார்க்கைத் தாராளமாகப் போட்டிருந்தாள். வகுப்பில் எல்லோரும் கோரஸாகப் படிக்கும்போது தமிழினியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும். வீட்டிலோ வீடியோ எடுக்கும் நேரம் தவிர மகளோடு உட்கார்ந்த நேரம் என்று ஒன்று ஹேமலதாவுக்கு ஞாபகம் வரவில்லை. உப்புத் தட்டை யோசித்தவள் அவள். உப்பில் அந்தப் பெண் தானாக ஒரு எழுத்துப் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரிலுள்ள அம்மாக்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து உலையை வைத்திருக்கிறாள்.

பாண்டியனிடம் சொன்னபோது அவன் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். “இன்னாது, படிக்கத் தெரியாதா? தினம் போன்ல அவ்ளோ பேசுது?”

“பேசுறா. படிக்க மாட்டேன்றா.”

அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு, “நீயே டீச்சரு,” என்றான். “நான் யார்கிட்ட போய் கேக்கறது?” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தவாவது முடிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் ஹேமலதா மகளை உட்காரவைத்தாள். தமிழினி வந்து உட்கார்ந்ததும் சடையை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டு, போன் எங்கே என்று தேடினாள். “போன் இல்ல. சும்மா படிக்கலாம்,” என்றதும் அந்த முகம் அணைந்துபோனது. ‘ப’ எது, ‘ம’ எது என்று கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றைக் காட்டினாள். இல்லையென்று தெரிந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் இன்னொன்றைக் காட்டினாள். ஹேமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டால் அழுதாள். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் ஹேமலதா கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஆனால் குழந்தை அதற்குள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டுவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளைமேலும் கை வைத்ததில்லை என்று பேர் எடுத்தவள் அவள்.

அந்த வாரம்தான் ராமமூர்த்தி சேர்க்கை விழாவைப் பற்றி அறிவித்தார். புதிதாகப் பிள்ளை சேர்க்க வருகிற பெற்றோர்களைக் கூப்பிட்டு, மேடையில் ‘வீட்டில் ஒரு வகுப்பு’ பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வாக்கியம் எழுதிய அட்டைகள் இருக்கும். பிள்ளையே ஒன்றை எடுத்து, எல்லோர் முன்னாலும் படிக்கும். “தமிழினி எடுத்துக் கடகடன்னு படிக்கிறா, ஜனம் அசந்துடணும்,” என்றார்.

ஹேமலதா அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். “சார், அவளுக்குப் படிக்க வராது சார். எனக்கே இப்பதான் தெரியும்.”

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதிர்ச்சியடைந்த மாதிரி தெரியவில்லை. ஒரு சரக்கு லேட்டாக வரும் என்று கேள்விப்பட்டவர் மாதிரிதான் யோசித்தார். “சரி. வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“அதோட இருக்கட்டும். பாருங்க டீச்சர், ரெண்டாங்கிளாஸ் டீச்சர் பொண்ணுக்கே படிக்க வர்லன்னா ஜூன்ல அந்தக் கிளாஸ்ல எவன் கொண்டாந்து சேர்ப்பான்? கிளாஸ் இல்லன்னா டீச்சர் எதுக்கு? நான் உங்கள மெரட்டல. நடக்கறதச் சொல்றேன். அட்டைல ஏதாவது குறி வெச்சிடுங்க. கொழந்த கெட்டிக்காரி. புடிச்சிக்கும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அப்பறம், ஸ்டாஃப் பொண்ணு மட்டும்னா நல்லா இருக்காது. வேற ஒரு பேரன்ட்டோட கொழந்தையும் மேடைல நிக்கட்டும். யாருக்காவது சொல்லுங்க.”

ஹேமலதாவின் வாயில் வந்த பேர் உமைமா. ஏன் வந்தது என்று அவளுக்கே பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் வகுப்பில் கடைசி பெஞ்ச் வரைக்கும் போய், ஒவ்வொரு பிள்ளையாகப் புத்தகத்தைக் கொடுத்து முதல்முறையாக உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருந்தாள். பயந்துகொண்டேதான் பார்த்தாள். பாதிப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஒப்பித்தார்கள். உமைமா மட்டும் படத்தைக் கையால் மூடிக்கொண்டு, எழுத்தின்மேல் விரலை வைத்து, தடவித் தடவி, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, வீட்டில் உருது பேசுகிற நாக்கால் ஒரு வரியை முழுசாகப் படித்து முடித்தாள். பொய்யில்லாத ஒரு வரி. “அவளுக்கும் அட்டைல குறி சொல்லிடுங்க,” என்றார் ராமமூர்த்தி. “அவளுக்கு வேணாம் சார். அவ படிப்பா,” என்றாள் ஹேமலதா.

அன்று சாயங்காலம் பஜாரில் ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்று வாங்கினாள். ஒவ்வொரு வாக்கிய அட்டையின் மூலையிலும் ஒரு பொட்டு. சிவப்பு என்றால் ‘குருவி கூட்டில் முட்டை இட்டது.’ பச்சை என்றால் ‘மழை வந்தால் மயில் ஆடும்.’ நீலம், தம்பி பந்தை உதைத்தான். மஞ்சள், வானில் நிலா சிரித்தது. அட்டையை அலங்கரித்த மாதிரிதான் இருந்தது. தமிழினி ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். எந்த நிறத்தை நீட்டினாலும் டக்கென்று வாக்கியம் வந்தது, ஏற்ற இறக்கத்தோடு, நிலா சிரிக்கிற இடத்தில் அவளும் சிரித்து. பல நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் திரும்பியிருந்தது. “அம்மா, நான் படிக்கிறேன் இல்ல?” என்றாள். அவள் மூளையில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் ஹேமலதாவுக்குக் கசந்தது. “ம், படிக்கிற,” என்றாள்.

விழாவுக்குப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள், மடியில் சின்னப் பிள்ளைகள், வாசலில் மோர் டிரம். ஃபரீதா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெருநாளுக்குக் கட்டுகிற சேலைமேல் புர்கா. விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்பு. உமைமாவின் தலையில் புது ரிப்பன். மேடைக்கு அனுப்பும்போது ஃபரீதா அவள் காதில் ஏதோ ஓதி ஊதினாள்.

ராமமூர்த்தி உமைமாவை முதலில் கூப்பிட்டார். அவள் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்தாள். மூலையிலிருந்த பச்சைப் பொட்டை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு அட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கை விரலை முதல் எழுத்தின்கீழ் வைத்தாள். ஹேமலதா மைக்கை அவள் வாயருகே பிடித்தாள்.

“ம… ழை. மழை.” பந்தல் அமைதியாக இருந்தது. “வ… ந்… தா… ல். வந்… தால்.” யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. மைக் ஒருதரம் கீச்சிட்டது. உமைமா பயந்து நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “ம… ழை…” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “இது எந்த ஸ்கூலு, ஊமைங்க ஸ்கூலா?” என்று ஒரு ஆம்பிளைக் குரல். அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. ஹேமலதா திரும்பிப் பார்த்தாள். ராமமூர்த்தி புன்னகை மாறாமல் அவளைப் பார்த்துக் கண்ணால் ஒரு ஜாடை காட்டினார். முடியுங்கள் என்று. உமைமா “ம… யி…” வரை வந்திருந்தாள். இன்னும் கொஞ்சம். ஹேமலதாவுக்கு அது தெரியும். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வரியைத் தானாகப் படிப்பது என்றால் இப்படித்தான் இருக்கும், இதைவிட வேகமாக இருக்காது என்பதும், அதை அந்தப் பந்தலிலேயே அறிந்த ஒரே ஆள் தான்தான் என்பதும் தெரியும். மைக்கைக் குழந்தையின் வாயருகிலிருந்து எடுத்தாள். “மயில் ஆடும்,” என்று உமைமா முடித்தது மைக்கில் விழவில்லை.

“கொழந்த கூட்டத்தப் பாத்து பயந்துடுச்சி,” என்றார் ராமமூர்த்தி. “இப்ப நம்ம தமிழினி!”

தமிழினி கையை உள்ளே விட்டு, துழாவி, சிவப்பை எடுத்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பந்தல் கைதட்டியது. இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். நிலா சிரித்தது. அவளும் சிரித்தாள். ஹேமலதா முதல் வரிசையைப் பார்க்காமலிருக்க முயன்றாள், முடியவில்லை. ஃபரீதாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள். உமைமா அவள் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். கைதட்டிய கையாலேயே ஃபரீதா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

எல்லாம் முடிந்து மோர் குடிக்கும் இடத்தில் ஃபரீதா வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. “மிஸ், நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே மிஸ். ஒருநாள்கூட விட்ல. உங்க பொண்ணு இன்னாமா படிக்குது! நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லுங்க.” பக்கத்தில் ராமமூர்த்தி ஒரு பெற்றோரோடு பேசிக்கொண்டு நின்றார். புது அட்மிஷன். ஹேமலதா, “நீங்க ஒண்ணும் தப்புப் பண்லீங்க. கொஞ்சம் வேகம்தான் கம்மி. வந்துடும்,” என்றாள். வேகம் என்ற அந்த ஒரு வார்த்தையை ஃபரீதா பத்திரமாக எடுத்துக்கொண்டு போனாள் என்பது அப்போது ஹேமலதாவுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு ஃபரீதாவிடமிருந்து போட்டோ வருவது நின்றுவிட்டது. வகுப்பில் உமைமாவிடம் புத்தகத்தைக் கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வாரம் ஹேமலதா பார்த்தாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தமிழினியைக் கூட்டிக்கொண்டு ஃபரீதா வீட்டுக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வேலை போனால் போகட்டும் என்கிற அளவுக்குத் துணிந்திருந்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

ஒற்றை அறை. மூலையில் ஷூ மேல்பாகங்களின் மூட்டை. ஃபரீதா தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து, “அல்லா, மிஸ்! வாங்க வாங்க,” என்று பாயை விரித்தாள். தமிழினியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஹேமலதாவின் கண் தரையில் தேடியது. தோல் எழுத்துகள் எங்கேயும் இல்லை.

“அதெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன் மிஸ். அதால வேகம் வர்ல. சாயங்காலம் பக்கத்துத் தெருவுல டியூஷன் விட்டிருக்கேன். அங்க முழுப் பாடத்தையும் மனப்பாடம் பண்ண வெக்கிறாங்க. இப்பதான் கொஞ்சம் கடகடன்னு சொல்றா.”

“ஃபரீதா, நான் ஒண்ணு சொல்லணும்.” ஹேமலதா பாயில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். “என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது. அன்னிக்கு மேடைல அவ படிக்கல. அட்டைல பொட்டு ஒட்டி வெச்சிருந்தேன். கலரப் பாத்து ஒப்பிச்சா. உங்க பொண்ணுதான் படிச்சா. அந்தக் கூட்டத்துல படிச்சது அவ ஒருத்திதான்.”

ஃபரீதா அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. ஹேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு மிஸ். என்னத் தேத்தறதுக்கு உங்க பொண்ணையே கொறச்சு சொல்றீங்க.”

“இல்லீங்க. நெஜமா.”

“போன்ல நான் பாக்காததா மிஸ்? எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன்.”

ஹேமலதா சுற்றுமுற்றும் பார்த்தாள். உமைமாவின் தமிழ்ப் புத்தகம் பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்தாள். தமிழினியின் வகுப்பில் இன்னும் நடத்தாத ஒரு பாடமாகப் பார்த்துப் பிரித்து, மகளின் முன்னால் பாயில் வைத்தாள். பக்கத்தின் மேல்பாதியில் ஒரு குளமும் யானையும் இருந்தன. கீழே எழுத்து. பெற்ற பிள்ளையை ஊரார் வீட்டில் உட்காரவைத்து அவமானப்படுத்தப் போகிறோம் என்று தெரிந்தேதான், அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

“படி.”

உமைமா மூட்டைக்குப் பின்னாலிருந்து நகர்ந்து வந்து, கையைப் பின்னால் கட்டியபடி புத்தகத்தின் அந்தப் பக்கம் குந்தினாள். தமிழினி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். ஃபரீதாவின் ஆவலான முகத்தைப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது,” என்று ஆரம்பித்தாள். கிண்கிணிக் குரல். “அது தினமும் குளத்துக்குப் போய்க் குளிக்கும். ஒருநாள் அது தன் நண்பர்களையும் கூப்பிட்டது. எல்லோரும் தண்ணீரை வாரி இறைத்து விளையாடினார்கள்…”

ஹேமலதா திரும்பினாள். புத்தகத்தில், ‘கோடை வந்தது. குளம் வற்றியது’ என்று இருந்தது.

“பாத்தீங்களா!” என்றாள் ஃபரீதா, மூச்சைப் பிடித்துக்கொண்டு. “ஒரு எடத்துல நிக்கிதா பாருங்க!”

உமைமா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, சுட்டுவிரலை முதல் எழுத்தின்கீழ் வைத்திருந்தாள். “கோ… டை,” என்றாள் தனக்குள். “அம்மீ, இதுல யானைன்னு போடலயே.”

“நீ சும்மா இருடி. அக்கா படிக்குது இல்ல.” ஃபரீதா அந்த விரலைத் தட்டிவிட்டாள். விரல் கொஞ்சம் விலகி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

ஹேமலதா வாயைத் திறந்தாள். தமிழினி அவளைப் பார்த்துச் சிரித்தாள், சரியான இடத்தில் தலையைச் சாய்த்து. யானை கரையேறிவிட்டது. கதை அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். தமிழினி தாளைப் புரட்டினாள். உமைமாவின் விரல் அந்தத் தாளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவள் அதை எடுக்கவில்லை.